ஓர் அடிக்கு அரை அங்குலம்

கோழிமுட்டை ஒன்றின் அகலம் ஏறக்குறைய 43 மில்லிமீட்டர். அதை 24ஆல் வகுத்தால் 1.8 மில்லிமீட்டர். நான் செய்யும் சின்ன முட்டை லாரிக்கு அந்த அளவில் வெள்ளையாக, உருண்டையாக ஒரு பொருள் வேண்டும் என்று மூன்று வாரம் அலைந்தேன். தெர்மாகோல் உருண்டை பெரிதாக இருந்தது, பசையில் கரைந்தும் போனது. பாசிமணியில் ஓட்டை தெரிந்தது. கடைசியில் பார்த்தால், தேடிய பொருள் எங்கள் வீட்டு அடுக்களையிலேயே டப்பாவில் இருக்கிறது. பொடி ஜவ்வரிசி.

மகள் இரண்டு சல்லடையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அதைச் சலித்தாள். பெரியதெல்லாம் மேலே நின்றது, தூள் கீழே போனது, நடுவில் தங்கியதை ஒரு தட்டில் கொட்டிக்கொண்டு இருவருமாக உட்கார்ந்து கோணலானவற்றைப் பொறுக்கி எறிந்தோம். எனக்கு வேண்டியது 420. பின்பக்கம் தார்ப்பாய் விலகியிருக்கும் இடத்தில் தெரியப்போகும் முட்டை அட்டைகள் பதினான்கு, அட்டைக்கு முப்பது முட்டை. நாமக்கல் முட்டை லாரியைச் சேலத்து ஜவ்வரிசியால் நிரப்பியதில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இன்னும் யாருக்கும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை.

நான் சிறிய லாரிகள் செய்கிறவன். 1:24 அளவு. அதாவது நிஜ வண்டியில் 24 அங்குலம் என்றால் என் மேஜையில் ஓர் அங்குலம். பன்னிரண்டு வருடமாக இதுதான் என் இரவு வேலை. அலுவலகம் முடிந்து, சாப்பிட்டு, வீடு அடங்கிய பிறகு ஒன்பதரைக்கு விளக்கைப் போட்டு உட்கார்ந்தால் பதினொன்றரை வரை எனக்கு வேறு நினைப்பு கிடையாது.

எல்லோரையும் போல நானும், பெட்டியில் பாகம் பாகமாக வரும் கிட்டில்தான் தொடங்கினேன். இத்தாலெரி என்ற இத்தாலிய கம்பெனி ஐரோப்பிய லாரிகளை 1:24இல் பெட்டி பெட்டியாகப் போட்டு விற்கிறது. வால்வோ, ஸ்கானியா, ஐவெக்கோ, டாஃப் எல்லாம் உண்டு. அமெரிக்க லாரிகள் பெரும்பாலும் 1:25இல் வரும். முதலில் ஒரு வால்வோ வாங்கினேன். பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்து, வெட்டுவாயை உப்புத்தாளில் தேய்த்து, மெல்லிய பிளாஸ்டிக் பசையைப் பிரஷ் நுனியால் இணைப்பில் தொட்டால், அது தானாக இடுக்கில் ஓடிப் புகுந்து இரண்டு பாகங்களையும் உருக்கி ஒன்றாக்கிவிடும். அந்தப் பசை ஓடுவதை முதல்முறை பார்த்த அன்றே இதில் விழுந்துவிட்டேன். ஆறு மாதத்தில் வண்டி முடிந்தது. அழகான வண்டி. ஆனால் ஸ்வீடன் வண்டி என் அலமாரியில் நிற்கும்போது அதைப்பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அது எந்தச் சாலையில் ஓடியது, யார் ஓட்டினார்கள், மழையில் எந்தப் பக்கம் சேறு அடிக்கும், எதுவும் தெரியாது. பெட்டியின் மேல் இருந்த படத்தைப் பார்த்து அழுக்கு பூசினேன்.

எங்கள் பெரியப்பா முட்டை லாரி ஓட்டியவர். சொந்த வண்டி. 1991இல் எடுத்த அசோக் லேலண்ட் காமெட், நாமக்கல்லிலிருந்து வாளையார் வழியாகக் கேரளா. 2006இல் விற்றுவிட்டார். நான் அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து ஏறி விளையாடிய வண்டி அது. அதைத்தான் செய்ய வேண்டும் என்று முடிவு செய்த பிறகுதான் தெரிந்தது, அதற்குக் கிட் கிடைக்காது என்பது. ஒருவேளை காமெட்டின் சேஸிஸுக்கு யாராவது கிட் போட்டாலும், அதற்கு மேலே இருந்த வண்டியைப் பெட்டியில் போட்டு விற்க எவராலும் முடியாது. ஏனென்றால் அதைக் கட்டியது சங்ககிரியில் ஒரு பட்டறை.

இதைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1948இல் அசோக் மோட்டார்ஸாக ஆரம்பித்து 1955இல் அசோக் லேலண்ட் ஆன அந்தக் கம்பெனி, எண்ணூரிலிருந்து பல காலம் பெரும்பாலும் மொட்டைச் சேஸிஸைத்தான் அனுப்பியது. எஞ்சின், முன்பக்க மூஞ்சி, ஸ்டியரிங், சக்கரங்கள், அவ்வளவுதான். கதவு இல்லை, கூரை இல்லை. முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு, பலகை போட்ட ஆசனத்தில் உட்கார்ந்து வெயிலிலும் காற்றிலும் அதை ஓட்டி வருபவர்களை நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பட்டறைகளுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அது லாரி ஆகும். தச்சர் மரச்சட்டம் போடுவார், டிங்கர் தகடு அடிப்பார், பெயின்டர் வண்ணம் தீட்டுவார். போர்வெல் வண்டி என்றால் திருச்செங்கோடு. ஓனர் சொல்கிறபடி சாமான் பெட்டி, படுக்கை, மேலே தார்ப்பாய் போட கேரியர் என்று எல்லாம் கைவேலை. ஒரே நாளில் ஒரே பட்டறைக்குள் நுழைந்த இரண்டு சேஸிஸ்கூட ஒரே மாதிரி வெளியே வராது. இப்போது கேபின் கம்பெனியிலிருந்தே முழுதாக வந்துவிடுகிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று விதியும் வந்துவிட்டது. டிரைவர்களுக்கு இது எவ்வளவோ நல்லது, அந்த எஞ்சின் சூட்டில் வெந்தவர்களைப் பார்த்தவன் நான். மரக் கேபின் போகட்டும். போவதற்குள் ஒன்றையாவது அளந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று பட்டது.

அளப்பதற்கு வண்டி இல்லை. இருந்தது மூன்று போட்டோ. மூன்றும் ஆயுத பூஜை அன்று எடுத்தவை. வண்டிக்கு முன்னால் குடும்பமே நிற்கிறது, முகப்பை வாழைமரமும் மாலையும் மறைத்திருக்கின்றன, பம்பருக்குக் கீழே எலுமிச்சம்பழம். எங்கள் வீட்டில் எல்லோர் முகமும் தெரிகிறது, லாரி முகம் மட்டும் தெரியவில்லை.

ஆனால் ஒரு போட்டோவில் முன்சக்கரம் முழுவதும் விழுந்திருந்தது. டயர் 9.00-20 என்று பெரியப்பா கேட்டவுடன் சொன்னார். அந்த டயரின் மொத்த உயரம் சுமார் 102 சென்டிமீட்டர். அது ஒன்று போதும், போட்டோவுக்குள்ளேயே ஸ்கேல் கிடைத்த மாதிரி. படத்தில் டயர் இத்தனை மில்லிமீட்டர் என்றால் கதவு எவ்வளவு, ஜன்னல் எவ்வளவு, பக்கப் பலகை எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டேன். கோணத்தால் வரும் பிழையைச் சரிசெய்ய, சங்ககிரிப் பட்டறை ஒன்றில் ரிப்பேருக்கு வந்திருந்த பழைய மரக் கேபின் வண்டியை டேப் பிடித்து அளந்தேன். அங்கிருந்த தச்சு மேஸ்திரி நான் சென்டிமீட்டரில் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "இங்க எல்லாம் அடிக்கணக்குத்தானுங்க" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. 1:24 என்றால் ஓர் அடிக்கு அரை அங்குலம். மேஸ்திரி பாடி 18 அடி என்றால் எனக்கு 9 அங்குலம். அகலம் 7 அடி என்றால் மூன்றரை அங்குலம். அன்றிலிருந்து என் நோட்டில் அடி, அங்குலம்தான்.

கட்டும் வேலையையும் பட்டறை வரிசையிலேயே செய்தேன். முதலில் மொட்டைச் சேஸிஸ். சேஸிஸுக்கு ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் ஷீட்டில் கத்தியால் ஒரு கோடு கீறி மடக்கினால் அப்பளம் போலச் சுத்தமாக உடையும். அதில் பட்டைகள் வெட்டி ஒட்டினேன். ஏர் பைப்புக்குக் கிட்டார் கம்பி, வளைய வேண்டிய ஹோஸுக்கு ஈயக்கம்பி. டயரை மரத்தில் கடைந்து, சிலிக்கான் அச்சு எடுத்து, ரெசினில் ஏழு வார்த்தேன். முன்னால் இரண்டுக்கும் ஸ்டெப்னிக்கும் நீளவாக்கில் கோடு ஓடும் ரிப் டயர், பின்னால் நான்குக்கும் கட்டை கட்டையாக லக் டயர். கேபினுக்கு மட்டும் நிஜமான மரம். ஒன்றரை மில்லிமீட்டர் சில்லு. பிளாஸ்டிக்கில் மர ரேகை கீறிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. தார்ப்பாய்க்கு டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து, ஈரத்தோடு போர்த்தி மடிப்பு எடுத்துக் காயவிட்டேன். கயிறு, மெழுகு தேய்த்த தையல் நூல்.

அப்புறம் பெயின்ட். இங்கேதான் ஒன்றரை வருடம் போனது.

நேஷனல் பெர்மிட் லாரிக்கு என்ன வண்ணம் என்று அந்தக் காலத்து மத்திய மோட்டார் வாகன விதியிலேயே இருந்தது: காய்ந்த இலைப் பழுப்பு, ஓரத்தில் தடித்த வெள்ளைக் கரை. இரண்டு பக்கமும் 60 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் நேஷனல் பெர்மிட் என்று எழுத வேண்டியிருந்தது. என் அளவில் அது 25 மில்லிமீட்டர், ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஆனால் காய்ந்த இலை என்றால் எந்த இலை? பூவரசு ஒரு பழுப்பு, தேக்கு ஒரு பழுப்பு. போட்டோக்கள் வெளுத்துப்போய் எல்லாம் ஆரஞ்சாகத் தெரிந்தன.

பெரியப்பா வீட்டு மாட்டுக்கொட்டகையில் விடை கிடைத்தது. வண்டியின் டூல் பாக்ஸ் மூடியை, பலகை நன்றாக இருக்கிறது என்று கழற்றி வைத்திருந்திருக்கிறார். தீவன மூட்டைக்கு அடியில் கிடந்தது. வீட்டுக்கு எடுத்து வந்து, ஒரு மூலையில் 1000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து வட்டமாக மெதுவாகத் தேய்த்தேன். மேல் பழுப்பு கரைந்து கீழே ஒரு வெளிர் பழுப்பு, அதற்குக் கீழே சிவப்பு கலந்த பழுப்பு, மறுபடி பழுப்பு, எல்லாவற்றுக்கும் அடியில் ரெட் ஆக்ஸைடு பிரைமர், கடைசியில் மரம். மரத்தின் குறுக்குவெட்டில் வளையம் தெரியுமே, அந்த மாதிரி. எட்டு அடுக்கு வரை எண்ணினேன். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் வண்டிக்குப் பெயின்ட் அடிப்பார்கள். எட்டு அடுக்கு என்றால் எட்டு எஃப்.சி. பெரியப்பாவிடம் கைபேசியில் படம் காட்டினேன். சிவப்புப் பழுப்பில் விரலை வைத்து, "இது உங்க அக்கா கல்யாணத்து வருசம்" என்றார்.

நான் கலந்த பழுப்பு அந்த வெளிர் அடுக்கின் நிறம்தான். ஆனால் அப்படியே அடித்தால் சின்ன வண்டியில் இருட்டாகத் தெரியும். தூரத்தில் இருக்கும் பொருள் காற்றின் வழியாக வெளுத்துத் தெரிகிறது. சிறிய மாடலைப் பார்ப்பதும் பெரிய வண்டியைத் தூரத்திலிருந்து பார்ப்பதும் கண்ணுக்கு ஒன்றுதான். அதனால் நிறத்தில் கொஞ்சம் வெள்ளை கலக்க வேண்டும். இதே காரணத்தால் டயருக்குக் கறுப்பு அடிக்கவே கூடாது. அடர் சாம்பல்தான் கறுப்பாகத் தெரியும்.

முதல் கோட்டை நான் அவசரப்பட்டுக் கெடுத்தேன். ஐப்பசி அடைமழை, இரண்டு நாள் லீவு, விட மனசில்லை. பட்டி பார்த்து, சாம்பல் பிரைமர் அடித்து, அது காட்டிக்கொடுத்த கீறல்களை மறுபடி தேய்த்து, எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, 0.3 மில்லிமீட்டர் முனை போட்ட ஏர்பிரஷ்ஷில் 15 பிஎஸ்ஐ காற்றில், சீக்கிரம் காயும் லேக்கர் பெயின்ட் அடித்தேன். பத்து நிமிஷத்தில் கேபின் கூரை முழுக்கப் பனி படர்ந்த மாதிரி வெள்ளை பூத்தது. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடும், காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் படிந்து பெயின்ட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். மழைநாளில் லேக்கர் அடித்தால் இப்படித்தான். முழுவதையும் தேய்த்து எடுத்துவிட்டுத் தை மாதம் வரை காத்திருந்தேன். இன்று யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன், மழை பெய்யும்போது பாகம் வெட்டுங்கள், பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து, முகமூடி போட்டுக்கொண்டு அடியுங்கள், அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

எழுத்து எல்லாம் கையால். வீட்டு பிரின்டரில் வெள்ளை எழுத்து வராது. கண்ணாடிக்கு மேலே 'ஸ்ரீ ஆஞ்சநேயர் துணை'. எழுத்தின் உயரம் நான்கு மில்லிமீட்டர், மூன்று சைபர் பிரஷ். நாமக்கல் ஆஞ்சநேயர் 18 அடி, இந்தப் பாடியின் நீளமும் 18 அடி என்பது எழுதி முடித்த பிறகுதான் மனதில் பட்டது. 'ஞ்ச' ஒன்றுக்கே நான்கு இரவு. சுழி முடியும் இடத்தில் கை நின்றால் பெயின்ட் திரண்டுவிடும், மூச்சை விட்டுவிட்டு ஒரே இழுப்பில் வர வேண்டும்.

இப்போது அழுக்கு. இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகப் பிடித்ததும், அதிகம் கெட்டுப்போவதும் இதுதான். வீடியோக்களைப் பார்த்து எல்லோரும் துருவை வாரி அடிக்கிறார்கள். பெயின்ட் உரிந்தால் துரு, மூலைக்கு மூலை துரு. நானும் வால்வோவில் அப்படித்தான் செய்தேன். ஆனால் எங்கள் லாரியின் பக்கப் பலகையில் பெயின்ட் உரிந்தால் தெரிவது துரு அல்ல, மரம். அதற்கும் முன்னால் பழைய வருடத்துப் பழுப்பு தெரியும், அப்புறம் ரெட் ஆக்ஸைடு. அதனால் அடுக்குகளை அதே வரிசையில் அடித்தேன். ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவில் ஹேர் ஸ்ப்ரே. மேல் நிறம் காய்ந்ததும் தண்ணீர் தொட்டுப் பழைய டூத்பிரஷ்ஷால் லேசாகக் குத்தினால் அடியில் இருக்கும் ஸ்ப்ரே இளகி, மேல் நிறம் செதிள் செதிளாக விடும். மூட்டையும் அட்டையும் உரசும் விளிம்பில் மட்டும் விட்டேன். அங்கேதான் உரசும்.

காரணம் தெரியாத கறையை வண்டியில் வைக்கக் கூடாது. இதில் நான் பிடிவாதக்காரன். ஒவ்வொரு கறையையும் பெரியப்பாவிடம் கேட்டுக் கேட்டு வைத்தேன். செம்மண் தூசு கீழிருந்து மேலே ஏறும், சக்கர வளைவுக்குப் பின்னால் தடிக்கும். பாலக்காடு தாண்டி மழையில் மாட்டினால் அதே தூசு கோடு கோடாக வழியும். ராத்திரி ஓட்டத்தில் ரேடியேட்டர் ஜாலியில் பூச்சி அப்பும். டீசல் டேங்க் மூடியைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு, அதன்மேல் ஒட்டிய தூசு. டிரைவர் கதவில் ஜன்னல் விளிம்பு மட்டும் பெயின்ட் தேய்ந்து பளபளவென்றிருக்கும். ஏன் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் தன் வலது முழங்கையைத் திருப்பிக் காட்டினார். காய்த்துப் போன தோல், அவருக்கு இப்போது எழுபத்து நான்கு வயது, இன்னும் போகவில்லை.

பிறகு அவராகவே சொன்னது ஒன்று உண்டு. "பின்னால பலகைக்கு அடியில வழிஞ்சிருக்குமே, அத வெக்கலியா?" உடைந்த முட்டை. தட்டுக்கு அடியில் ஒழுகி, பலகை இடுக்கு வழியாக இறங்கி, சேஸிஸ் மேல் காய்ந்து ஒட்டியிருக்குமாம். சேறு காய்ந்தால் மங்கும். முட்டை காய்ந்தால் வார்னிஷ் மாதிரி மின்னும். மங்கிய செம்மண்ணுக்கு நடுவில் மஞ்சள் கலந்த கிளியர் வார்னிஷ்ஷை ஊசி முனையால் ஏழெட்டு இடத்தில் இழுத்துவிட்டேன். அந்த நிமிஷத்தில்தான் அது பொதுவாக ஒரு லாரி என்பதிலிருந்து முட்டை லாரி ஆனது. மூக்குக்கே வாடை வந்த மாதிரி இருந்தது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்துப் போன பொங்கலுக்கு நாமக்கல் எடுத்துப் போனேன். பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து, வண்டியைத் தன் கண்மட்டத்துக்கு வைக்கச் சொன்னார். நிறையப் பேர் மேலிருந்து பார்ப்பார்கள், பொம்மையைப் பார்க்கிற மாதிரி. அவர் சாலையில் நிற்கிறவர் மாதிரி பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "வண்டி வெறுசா நிக்குதே கண்ணு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. முட்டை இருக்கிறதே என்றேன்.

"மேல இருக்குது. பட்டையில இல்லியே. லோடு ஏத்துன வண்டி இப்படி நெஞ்ச நிமித்திட்டு நிக்காது."

குனிந்து பார்த்தேன். பாரத்தைத் தாங்கும் பின்சக்கரத்துக் கமான் பட்டைகள் வில் போல வளைந்திருந்தன. பட்டறையில் நான் அளந்தது காலி வண்டியை. லோடு ஏறினால் அந்த வளைவு நிமிர்ந்து தட்டையாகிவிடும், வண்டி அரை அடி போலக் கீழே உட்காரும், டயர் அடியில் பிதுங்கும். இரண்டரை வருடம் பார்த்த எனக்கு இது தெரியவில்லை. அவருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது. அவர் அந்தப் பட்டைகளின் மேல் உட்கார்ந்து பதினைந்து வருடம் போய் வந்தவர்.

ஊருக்குத் திரும்பியதும் பின் அச்சைக் கத்தி போட்டுப் பிரித்தேன். பசை உருக்கி ஒட்டிய இணைப்பு, சுலபத்தில் விடாது, இரண்டு யூ போல்ட் உடைந்தன. பட்டைகளைத் தட்டையாகப் புதிதாக வெட்டி அடுக்கி, வண்டியை ஆறு மில்லிமீட்டர் கீழே இறக்கி ஒட்டினேன். நான்கு பின்டயர்களின் அடியையும் அரத்தில் கொஞ்சம் தேய்த்து, பக்கத்தில் பட்டி வைத்துப் பிதுங்கலை உருட்டினேன். மேஜைமேல் வைத்தபோது நானே நம்பவில்லை. ஜவ்வரிசிக்கு எடை வந்துவிட்டிருந்தது.

போன மாதம் மறுபடி அவரிடம் காட்டினேன். இந்த முறை தலையை ஆட்டினார். விரலைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோய், ஜோடி டயர் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கைத் தொட்டுக் காட்டி, "இதுல ஒரு கல்லு மாட்டிருக்கும். ராத்திரி வண்டிய நிறுத்தினா மொத வேல அதக் கம்பியில நெம்பி எடுக்கறது. இல்லீன்னா டயரத் தின்னுரும்" என்றார்.

கைக்குள் அடங்கும் கல், எட்டு சென்டிமீட்டர் இருக்கும். 24ஆல் வகுத்தால் மூன்று மில்லிமீட்டரும் கொஞ்சமும். காலையிலிருந்து வாசலில் கொட்டிய ஜல்லிப்பொடியில் இடுக்கியோடு உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை ஐந்து எடுத்து வைத்திருக்கிறேன், ஒன்றுகூட முனை சரியில்லை.